கொய்னா அணையை எப்படிக் கணக்கிடுவது? எஃப்.இ.எம்., பி.இ.எம்., இரண்டின் இணைப்பு

1967 டிசம்பர் 11 அதிகாலை. மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கு அருகே நிலம் அதிர்ந்தது. 170-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 103 மீட்டர் உயர அணை விழவில்லை. ஆனால் அதன் உயரமான பகுதிகளில், அடியிலிருந்து சுமார் 66.5 மீட்டர் மட்டத்தில், பின்புறச் சரிவு சட்டென்று மாறுகிற கழுத்துப் பகுதியில், இரண்டு முகங்களிலும் கிடைமட்டமாக விரிசல் ஓடியிருந்தது. அணையின் அடித்தளக் காலரியில் (உள்நடைபாதையில்) இருந்த கருவி, நீரோட்டத் திசையில் 0.49 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), செங்குத்தாக 0.34 ஜி, அணையின் நீள வாக்கில் 0.63 ஜி என்று பதிவு செய்தது. வடிவமைத்தபோது எடுத்துக்கொண்ட நிலநடுக்கக் கெழு, அதாவது எடையில் எத்தனை பங்கைப் பக்கவாட்டு விசையாக வைப்பது என்ற எண், வெறும் 0.05.

அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க மாணவர்களும் ஆய்வாளர்களும் இந்த அணையைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு வருகிறார்கள். அபாகஸ் மென்பொருளின் எடுத்துக்காட்டுக் கையேட்டிலும் கொய்னா இருக்கிறது. கான்கிரீட் எப்படி விரிசல் விடும் என்று கணக்கிடும் சேத மாதிரியை முதன்முதலாகப் பழகுகிறவர்கள் பலர் அதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். அந்த எடுத்துக்காட்டில் பாறை வளைந்து கொடுக்காத தரை. தண்ணீர், அணையின் முகத்தில் ஒட்டிய கூடுதல் நிறை. பழகுவதற்கு அது போதும். உண்மையான ஓர் அணையின் பாதுகாப்பைப் பற்றி முடிவு சொல்ல அது போதாது.

சில மாதங்களுக்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டார்: "சார், தண்ணியையும் பாறையையும் பி.இ.எம்.ல போட்டு, அணையை மட்டும் எஃப்.இ.எம்.ல வச்சு ரெண்டையும் சேர்த்துட்டா மெஷ் கம்மியாகிடுமே? ஏன் யாரும் அப்படிச் செய்றதில்ல?" எஃப்.இ.எம். பொருள் முழுவதையும் சிறு துண்டுகளாக வெட்டிக் கணக்கிடும் முறை, பி.இ.எம். எல்லையை மட்டும் வெட்டும் முறை; வெட்டிய துண்டுகளின் வலைதான் மெஷ். கேள்வி நல்ல கேள்வி. மெஷ் குறையும் என்று அவர் சொன்ன காரணம் மட்டும் இன்றைக்குப் பொருந்தாது. அதற்கான பதிலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முறைகளைப் பற்றிச் சுருக்கமாக

எஃப்.இ.எம். என்கிற ஃபைனைட் எலிமென்ட் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பொருள் முழுவதையும் சிறு துண்டுகளாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பொருட்பண்பு தரலாம், விரிசல் விடலாம், நெகிழவிடலாம். 1960-இல் கிளஃப் அந்தப் பெயரை வைத்ததிலிருந்து கட்டமைப்புப் பொறியியல் அதன் மேல்தான் நிற்கிறது. அதன் ஒரே பெரிய குறை, வெட்டுவதை எங்காவது நிறுத்த வேண்டும் என்பதுதான். பூமியோ எங்கும் நிற்பதில்லை.

பி.இ.எம். என்கிற எல்லைக் கூறு முறை பொருளின் உட்பகுதியை வெட்டுவதே இல்லை. எல்லையை மட்டும் துண்டு போடுகிறது. அதற்கு ஈடாக, முடிவில்லாத ஊடகத்தில் ஒரு புள்ளியில் விசை வைத்தால் மற்ற எல்லா இடத்திலும் என்ன நடக்கும் என்ற தீர்வு முன்கூட்டியே நம் கையில் இருக்க வேண்டும். அசைவில்லாத மீள்பொருளுக்கு அதை கெல்வின் 1848-இலேயே தந்துவிட்டார். அதைக் கணினிக்கு ஏற்ற எண்முறையாக ரிஸ்ஸோ 1967-இல் வடித்துக் கொடுத்தார், கொய்னா அதிர்ந்த அதே ஆண்டில். அடிப்படைத் தீர்விலேயே "அலை வெளியே போகும், திரும்பி வராது" என்ற நிபந்தனை உள்ளே இருக்கிறது. அதனால் முடிவில்லாத பாறையும் பல கிலோமீட்டர் நீளும் தண்ணீரும் பி.இ.எம்.முக்கு இயல்பான இடம். ஆனால் அந்த அடிப்படைத் தீர்வு நேரியல் பொருளுக்குத்தான், அதாவது விசை இரட்டித்தால் அசைவும் இரட்டிக்கும் பொருளுக்குத்தான், உண்டு. கான்கிரீட் விரிசல் விட்டால் கைவசம் உள்ள தீர்வு உதவாது.

ஒன்று பலவீனப்படும் இடத்தில் மற்றொன்று வலுவாக இருக்கிறது. இதைப் பார்த்துத்தான் 1977-இல் ஸியென்கிவிச், கெல்லி, பெட்டஸ் மூவரும் இரண்டையும் ஒரே கணக்கில் இணைக்கும் வழியைத் தெளிவாக எழுதிக் காட்டினார்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம்

கொய்னாவில் நிலநடுக்கத்தின்போது நீர்மட்டம் சுமார் 91.75 மீட்டர். அணை அசையும்போது இந்தத் தண்ணீர் என்ன செய்யும்? 1933-இல் வெஸ்டர்கார்ட் தந்த விடை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அணையோடு சேர்ந்து அசைகிற ஒரு நீர்ப்பட்டையை நிறையாகக் கூட்டிக்கொள்ளுங்கள் என்றார். அவருடைய சமன்பாட்டில் அடிமட்ட அழுத்தத்தின் கெழு 7/8, அதாவது 0.875. அணையை வளையாத செங்குத்துச் சுவராகவும் தண்ணீரை அமுங்காததாகவும் வைத்துச் சரியாகத் தீர்த்தால் அந்தக் கெழு 0.743 வரும். மொத்த விசையில் வித்தியாசம் சுமார் 7 சதவீதம்தான். வெஸ்டர்கார்ட் பாதுகாப்பான பக்கம் நிற்கிறார். கைக்கணக்குக்கு இதைவிட நல்ல சமன்பாடு வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் உண்மையில் அமுங்கும். ஒலி அதில் நொடிக்கு சுமார் 1,440 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலிவேகத்தை நீர் ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் நீர்த்தேக்கத்தின் முதல் அதிர்வெண் கிடைக்கும். 1,440-ஐ 367-ஆல் வகுத்தால் 3.9 ஹெர்ட்ஸ். காலி நீர்த்தேக்கத்தோடு, அசையாத தரையில், கொய்னா அணையின் முதல் அதிர்வெண் சுமார் 3 ஹெர்ட்ஸ். இரண்டாவது சுமார் 8 ஹெர்ட்ஸ். தண்ணீரின் சொந்த அதிர்வெண் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இந்த நிலையில் தண்ணீரை வெறும் நிறையாகப் பார்த்தால் கணக்கு தடம் மாறிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 3.9 ஹெர்ட்ஸுக்குக் கீழே தண்ணீரில் எழும் அழுத்தம் அணையின் அருகிலேயே தேய்ந்துவிடும், மேல்நீர்ப் பக்கம் பயணிக்காது. அதற்கு மேலே போனால் அலை நீர்த்தேக்கம் நெடுகப் பயணித்து ஆற்றலைக் கொண்டுபோய்விடும். ஆக முதல் அதிர்வு முறைக்குத் தண்ணீர் ஒரு பாரம். இரண்டாவது முறைக்கு அதுவே ஆற்றல் வெளியேறும் வாசல். தண்ணீரை எஃப்.இ.எம்.மில் மெஷ் போட்டு முந்நூறு மீட்டர் தள்ளி வெறும் சுவராக நிறுத்தினால் அந்த வாசல் அடைபட்டுவிடும். அங்கே உறிஞ்சு எல்லை வைக்கலாம். வழக்கமான எளிய உறிஞ்சு எல்லை, அலை ஒலிவேகத்தில் நேராக வந்து மோதுகிறது என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் 3.9 ஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வெண்களில் நீர்த்தேக்கத்துக்குள் அலையின் கட்ட வேகம் (அலைமுகடு நகரும் வேகம்) ஒலிவேகத்தைவிடப் பலமடங்கு அதிகம். அந்த இடத்தில்தான் எளிய எல்லை தவறு செய்யும், நமக்குத் துல்லியம் வேண்டியிருப்பதும் அதே இடத்தில்தான்.

பி.இ.எம். இந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும். நீர்ப்பரப்பில் அழுத்தம் பூஜ்யம் என்பதைப் பிம்ப மூலம் (கண்ணாடிப் பிம்பம் போல மறுபக்கம் வைக்கும் எதிர் மூலம்) வைத்து அடிப்படைத் தீர்வுக்குள்ளேயே சேர்த்துவிடலாம். அப்புறம் நீர்ப்பரப்புக்கு ஒரு துண்டுகூடத் தேவையில்லை. அணையின் முகமும் அடிப்பகுதியும் போதும். தண்ணீரைப் பொறுத்தவரை இணைப்பு முறைக்கே என் ஓட்டு. தண்ணீர் நேரியல், சீரானது, நீண்டது. பி.இ.எம்.முக்கு இதைவிடப் பொருத்தமான ஊடகம் கிடைக்காது. தேக்கத்தின் அடியில் படிந்த சேறு அலையின் ஒரு பகுதியை உறிஞ்சும் என்பதை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பாறை வேறு கதை

பாறைக்கும் இதே வாதம் பொருந்தும் என்று முதலில் தோன்றும். ஒரு சின்னச் சோதனையை விவரிக்கிறேன். அணையின் இரு பக்கமும் 300 மீட்டர் பாறையை எஃப்.இ.எம்.மில் மெஷ் போட்டு, ஓரங்களைப் பிணைத்து நிறுத்திவிட்டேன். குறுக்கலை வேகம் நொடிக்கு 1,500 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். அணையின் அடியில் ஒரே ஒரு குறுந்துடிப்பு. உச்சியின் முடுக்கத்தைத் திரையில் பார்த்தால் துடிப்பு எழுகிறது, அடங்கத் தொடங்குகிறது, சரியாக 0.4 நொடி கழித்து மறுபடியும் எழுகிறது. 600 மீட்டரை 1,500-ஆல் வகுத்தால் அதே 0.4. போன அலை ஓரத்தில் மோதித் திரும்பி வந்திருக்கிறது. வெளியில் எந்தக் காரணமும் இல்லாமல் அணை இரண்டாவது முறை உதை வாங்குகிறது. நிலநடுக்கப் பதிவைப் போட்டு ஓட்டினால் இந்தப் போலி உதைகள் உண்மையான அதிர்வோடு கலந்துவிடும், கண்ணால் பிரிக்கவே முடியாது. அதனால்தான் எந்த மாடலையும் முதலில் இந்த ஒற்றைத் துடிப்பில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன். செலவு அரை மணி நேரம்.

இதைத் தவிர்க்கப் பல அலுவலகங்களில் செய்யும் குறுக்குவழி, பாறைக்கு நிறையே இல்லை என்று வைத்துவிடுவது. விறைப்பு இருக்கும், அலை இருக்காது, அதனால் எதிரொலியும் இருக்காது. ஆனால் அணையிலிருந்து ஆற்றல் பாறைக்குள் போய்க் கரைவதும் கூடவே காணாமல் போய்விடுகிறது. தகைவுகள் (பரப்பின் ஓர் அலகில் உள்ள விசை) கணிசமாகக் கூடிக் காட்டும். புதிய அணையின் வடிவமைப்புக்கு இதைப் பாதுகாப்பான பக்கம் என்று ஏற்கலாம். பழைய அணை ஒன்றை வலுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடத்தில், இந்த மிகைக்கணக்கு தேவையில்லாத பெரும் செலவுக்குக் கொண்டுபோய் விடும்.

சரி, ஓரத்தில் டேஷ்பாட் (அதிர்வைத் தணிக்கும் உறுப்பு) வைக்கலாம். லைஸ்மரும் குல்மையரும் 1969-இல் தந்த எல்லை அது. ஒவ்வொரு ஓர நோடிலும் (துண்டுகள் சந்திக்கும் புள்ளியிலும்) அடர்த்தியையும் அலைவேகத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு டாம்பிங். நேராக வரும் அலையை நன்றாக விழுங்கும். சாய்வாக வருவதைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இதைவிட நல்லது பி.எம்.எல். என்கிற உறிஞ்சு அடுக்கு. 1994-இல் பெரேஞ்சே மின்காந்த அலைகளுக்காகக் கண்டது. 2003-இல் பாசுவும் சோப்ராவும் அதை மீள் அலைகளுக்குச் செம்மையாகக் கொண்டுவந்தார்கள். மெஷைச் சுற்றிச் சில அடுக்குத் துண்டுகள். உள்ளே நுழைந்த அலை எந்தக் கோணத்தில் வந்தாலும் தேய்ந்து போகும்.

பி.இ.எம். பக்கம் பாறைக்கு உள்ள தொல்லையைப் பலர் சொல்வதில்லை. முழு வெளிக்கான அடிப்படைத் தீர்வைப் பயன்படுத்தினால், பாறையின் மேற்பரப்பையும் துண்டு போட வேண்டும். அந்த மேற்பரப்பும் முடிவில்லாமல் நீள்கிறது. அதையும் எங்காவது நிறுத்தியாக வேண்டும். எஃப்.இ.எம்.மில் பார்த்த அதே பிரச்சினை, வீரியம் குறைந்து, இங்கேயும் வந்து நிற்கிறது. அரைவெளிக்கான தீர்வு எடுத்தால் இது தீரும், ஆனால் அதைக் கணக்கிடுவதே தனி வேலை. பாறை அடுக்கடுக்காக இருந்தால் அந்தத் தீர்வையும் எண்முறையில் கண்டுபிடிக்க வேண்டும். கொய்னா நிற்பது தக்காணத்து பசால்ட் மேல். எரிமலைக் குழம்பு அலையலையாக வழிந்து உறைந்த பாறை. அடுக்கு என்பது அங்கே கற்பனை இல்லை.

பி.இ.எம்.முக்கு இதில் ஒரு நல்ல பங்கும் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் நிலநடுக்க அலையை உள்ளே கொண்டுவருவது அங்கே எளிது. அணை இல்லாதபோது நிலம் எப்படி அசைந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு அதைக் கூட்டிவிட்டால் போதும். எஃப்.இ.எம்.மில் உறிஞ்சு எல்லை வைத்துவிட்டால், அதே எல்லை வழியாக அலையை உள்ளே அனுப்பவும் வேண்டும், வெளியே வருவதை விழுங்கவும் வேண்டும். ஓர விசைகளைத் தனியாகக் கணக்கிட்டுக் கொடுக்காமல் அடியில் முடுக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டு ஓட்டிய மாடல்களை நான் ரிவ்யூவில் பலமுறை பார்த்திருக்கிறேன். படம் அழகாக வரும், விடை தவறாக இருக்கும்.

மெஷ் குறையுமா?

இப்போது அந்த இளைஞரின் வாதத்துக்கு வருகிறேன். 600 மீட்டருக்கு 600 மீட்டர், 300 மீட்டர் ஆழம் கொண்ட பாறைப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 10 ஹெர்ட்ஸ் வரை வேண்டும். அலைநீளம் 150 மீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் துண்டின் அளவு 15 மீட்டர். எஃப்.இ.எம்.மில் 32,000 துண்டுகள், சுமார் 1,06,000 மாறிகள் (கண்டுபிடிக்க வேண்டிய எண்கள்). பி.இ.எம்.மில் மேற்பரப்பு மட்டும், சுமார் 5,000 மாறிகள். பார்த்த உடனே பி.இ.எம். ஜெயித்துவிட்டது போல் இருக்கும்.

ஆனால் எஃப்.இ.எம். மேட்ரிக்ஸ், அதாவது சமன்பாடுகளின் எண் அட்டவணை, பெரும்பாலும் பூஜ்யம். ஒரு லட்சம் மாறிகளை இன்றைய சாதாரண மேசைக் கணினி நொடிகளில் தீர்த்துவிடும். பி.இ.எம். மேட்ரிக்ஸில் ஒரு இடமும் காலி இல்லை. 5,000-க்கு 5,000 கலப்பெண்கள் என்றால் 400 எம்.பி. அதுவும் பரவாயில்லை. 40 ஹெர்ட்ஸ் வரை போக வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். துண்டு 3.75 மீட்டர். எஃப்.இ.எம்.மில் 63 லட்சம் மாறிகள். கனமான வேலைதான், ஆனாலும் நடக்கிற வேலை. பி.இ.எம்.மில் சுமார் 78,000 மாறிகள், மேட்ரிக்ஸ் மட்டும் 97 ஜி.பி. ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் புதிதாக. 1987-இல் கிரீன்கார்டும் ரோக்லினும் தந்த வேகப் பன்முனை முறை போன்ற உத்திகள் இந்தச் சுமையை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அவை உள்ள மென்பொருள் நம் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே மாறிகளின் எண்ணிக்கையை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கணினி நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அந்த வாதம் சரியாக இருந்தது. இன்றைக்கு பி.இ.எம்.மைத் தேர்ந்தெடுக்கச் சரியான காரணம், அது அலையைத் திருப்பி அனுப்பாது என்பதுதான்.

தையல் போடும் இடம்

இணைப்பு முறையின் உண்மையான செலவு இரண்டும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது. எஃப்.இ.எம். பேசுவது நோடில் உள்ள விசையைப் பற்றி. பி.இ.எம். பேசுவது பரப்பின் மேல் உள்ள தகைவைப் பற்றி. தகைவைத் துண்டு நெடுகத் தொகையிட்டால்தான் விசை. அதைச் செய்து, பி.இ.எம். பகுதியை ஒரு பெரிய விறைப்பு மேட்ரிக்ஸாக மாற்றி எஃப்.இ.எம்.முக்குள் வைப்பது ஒரு வழி. அந்த மேட்ரிக்ஸ் நிறைந்ததாகவும் சமச்சீர் இல்லாததாகவும் வரும். சமச்சீரை நம்பி எழுதிய சால்வர் (சமன்பாடு தீர்க்கும் நிரல்) அதை ஏற்காது. அதையும் அதன் திருப்பத்தையும் (வரிசைகளை நெடுவரிசைகளாக மாற்றியதையும்) கூட்டிப் பாதியாக்கிச் சமச்சீராக்குவார்கள் சிலர். அப்படிச் செய்தால் துல்லியம் போகும், அதுவும் நாம் கவலைப்படுகிற அந்தச் சந்திப்புக் கோட்டிலேயே போகும். 1987-இல் கோஸ்டபெல் கொடுத்த வடிவம் உண்மையாகவே சமச்சீரானது. அதற்கு மிகக் கடினமான ஒருமைத்தன்மை உள்ள (ஒரு புள்ளியில் மதிப்பு எல்லையின்றி ஏறும்) தொகையீடுகளைக் கையாள வேண்டும்.

இரண்டு மென்பொருளையும் தனித்தனியே ஓடவிட்டு, ஒன்றின் விடையை மற்றதற்குக் கொடுத்து, மாற்றி மாற்றிச் சரிசெய்வது இன்னொரு வழி. தொடங்குவது சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் விடையில் எவ்வளவு பங்கை ஏற்பது என்ற எண்ணைத் தவறாக வைத்தால் சுற்றுகள் ஒன்றுசேராமல் சிதறிப் போகும். நீரும் அணையும் போல இரு பக்கமும் கனமாக இருக்கும்போது அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதே ஒரு நாள் வேலையாகிவிடும்.

என் முதல் இணைப்புக் கணக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அணை எஃப்.இ.எம்., தண்ணீர் பி.இ.எம். காலி நீர்த்தேக்கத்தில் முதல் அதிர்வெண் 3 ஹெர்ட்ஸ், சரியாக வந்தது. தண்ணீரை நிரப்பி ஓட்டினேன், அதிர்வெண் ஏறியது. தண்ணீர் என்பது பாரம். பாரம் கூடினால் அதிர்வெண் இறங்க வேண்டும். இரண்டு நாள் நிரலை வரி வரியாகப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது ஒரு கழித்தல் குறி. அணையின் முகத்தில் அணைக்கு வெளிநோக்கிய திசை தண்ணீரை நோக்கி இருக்கும், தண்ணீருக்கு வெளிநோக்கிய திசை அணையை நோக்கி இருக்கும். இரண்டுக்கும் ஒரே திசையை வைத்திருந்தேன். கூட வேண்டிய நிறை கழிந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த இணைப்பு நிரலையும் முதலில் வளையாத சுவரில் சோதிக்கிறேன். 91.75 மீட்டர் தண்ணீர், 0.1 ஜி முடுக்கம், மிகக் குறைந்த அதிர்வெண். அடிமட்ட அழுத்தம் 66.8 கிலோபாஸ்கல் வர வேண்டும். அது வராத வரை அடுத்த படிக்குப் போவதில்லை.

அணையின் குதிகாலில், மேல்நீர் முகமும் பாறையும் தண்ணீரும் சந்திக்கும் அந்த ஒரே புள்ளியில், தகைவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மதிப்பு உண்டு. ஒவ்வொரு முகத்துக்கும் ஒன்று. நோடை இரட்டிப்பாக்கியோ, நோடை மூலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியோ இதைக் கையாள வேண்டும். கவனிக்காமல் விட்டால் விரிசல் தொடங்கக்கூடிய இடத்திலேயே தவறான எண் வந்து உட்காரும்.

என்ன கேள்விக்கு விடை வேண்டும்?

எல்லாவற்றையும்விடக் கனமான விஷயம் இதுதான். பி.இ.எம். மிக இயல்பாக இருப்பது அதிர்வெண் வெளியில். ஒவ்வோர் அதிர்வெண்ணாகத் தீர்த்து, கடைசியில் கூட்டி, காலத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கூட்டலாம் என்பதற்கே அணை நேரியலாக இருக்க வேண்டும். கான்கிரீட் விரிசல் விட்ட கணத்தில் விறைப்பு மாறிவிடுகிறது. அதற்குப் பிறகு கூட்டல் செல்லாது, காலப்படி காலப்படியாகத்தான் போக வேண்டும்.

காலவெளியில் பி.இ.எம். செய்ய முடியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் முந்தைய படிகளின் நினைவை எடுத்துவர வேண்டும். அதே 5,000 மாறிகள், படி 0.005 நொடி. ஒரு படிக்கு ஒரு மேட்ரிக்ஸ், ஒவ்வொன்றும் 200 எம்.பி. முப்பரிமாணத்தில் ஓர் ஆறுதல் உண்டு. அலை முழு எல்லையையும் கடந்துபோன பிறகு பழைய நினைவு பூஜ்யமாகிவிடும். நம் பெட்டியின் மேற்பரப்பில் மூலைக்கு மூலை 850 மீட்டரைக் கடக்க 0.57 நொடி, அதாவது 113 மேட்ரிக்ஸ்கள், சுமார் 23 ஜி.பி. இருபரிமாணத்தில் அந்த ஆறுதலும் இல்லை. அலையின் வால் அங்கே முற்றாக அடங்குவதே இல்லை, 10 நொடிப் பதிவின் 2,000 படிகளையும் சுமக்க வேண்டும். இதோடு நிலைப்புத் தொல்லை வேறு. காலப்படி துண்டின் அளவோடு ஒத்துப்போகாவிட்டால் விடை துள்ளத் தொடங்கும். 1988-இல் லூபிஷ் தந்த மடிப்புத் தொகையீட்டு முறை இதைப் பெருமளவு அடக்கியது. ஆனாலும் அலுவலக வேலைக்கு எடுத்து ஓட்டும் நிலையில், மீள் அலைக்கும் நேரியலற்ற கான்கிரீட்டுக்கும் சேர்த்துத் தயாராக இருக்கும் மென்பொருள் அரிது. ஒலியியலுக்கு நிலைமை நல்லது. காம்சால் மென்பொருளில் எஃப்.இ.எம்., பி.இ.எம். இணைப்பு உள்ளேயே இருக்கிறது. லண்டனின் யூனிவர்சிட்டி காலேஜில் தொடங்கிய பெம்ப் என்ற திறந்த நிரலும் இருக்கிறது.

எனவே முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "விரிசல் எங்கே வரும்?" என்பது ஒரு கேள்வி. 1973-இல் சோப்ராவும் சக்கரவர்த்தியும் நேரியல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு, கொய்னாவில் சரிவு மாறும் அந்தக் கழுத்துக்கு அருகே இழுதகைவு கான்கிரீட்டின் வலிமையைத் தாண்டுகிறது என்று காட்டினார்கள். இந்தக் கேள்விக்கு அதிர்வெண் வெளி இணைப்பு முறை அருமையான கருவி. நீர்மட்டத்தைப் பத்து விதமாக மாற்றிப் பார்க்கலாம். சேற்றின் உறிஞ்சும் தன்மையை மாற்றலாம். அணையின் மேட்ரிக்ஸைத் தொடவே வேண்டாம்.

"விரிசல் எவ்வளவு தூரம் ஓடும், கழுத்துக்கு மேலே உள்ள பகுதி நிற்குமா?" என்பது வேறு கேள்வி. இதற்குக் காலவெளியும் நேரியலற்ற கான்கிரீட்டும் வேண்டும். இங்கே இணைப்பு முறையை விட்டுவிடச் சொல்வேன். முழுக்க எஃப்.இ.எம்., சுற்றிலும் பி.எம்.எல்., தண்ணீருக்கு அமுங்கும் ஒலித் துண்டுகள், நீர்த்தேக்கத்தின் மேல்நீர் முனையிலும் பி.எம்.எல். இணைப்பு முறை கொடுக்கும் கூடுதல் துல்லியம், விரிசல் மாதிரியில் உள்ள நிச்சயமின்மையில் கரைந்துவிடும். உடைவு ஆற்றலின் (விரிசலைத் திறக்கத் தேவைப்படும் ஆற்றலின்) மதிப்பைக் கொஞ்சம் மாற்றினாலே விரிசலின் நீளம் மாறுகிறது. உழைப்பை அந்த எண்ணின் மேல் செலவிடுவதுதான் அணைக்கு நல்லது.

பி.இ.எம். மட்டும் தனியாக? பாறையின் தகைவு, சுரங்கத்தைச் சுற்றிய அழுத்தம், நேரியல் பொருளில் விரிசல் முனையின் தகைவுச் செறிவு போன்றவற்றுக்கு அது போதும், சில நேரம் அதுவே சிறந்தது. அணை போன்ற பல பொருள் கணக்கில் தனியாக அதை வைத்து ஓட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை.

அணையை விட்டுக் கடலுக்குப் போனால் தீர்ப்பு மாறும். நீரில் மூழ்கிய மெல்லிய எஃகுக் கூடு, உள்ளே இயந்திரம், வெளியே எவ்வளவு ஒலி பரவும் என்ற கேள்வி. கூடு விலாக்களும் பிளேட்டுகளும் கொண்டது, எஃப்.இ.எம். வேலை. கடல் எல்லாப் பக்கமும் திறந்தது, சீரானது, நேரியல். கேள்வியும் அதிர்வெண் வெளியிலேயே கேட்கப்படுகிறது. இங்கே இணைப்பு முறைக்கு நிகரில்லை. ஒரே எச்சரிக்கை: வெளிப்புற ஒலிக்கான பி.இ.எம்., உள்வெளியின் இயல் அதிர்வெண்களில் தவறான விடை தரும். 1971-இல் பர்ட்டனும் மில்லரும் தந்த திருத்தம் மென்பொருளில் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிலளிப்பு வளைவில் காரணமில்லாத கூர் உச்சங்கள் தெரிந்தால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் வர வேண்டும்.

கொய்னாவைப் போன்ற ஓர் அணை நாளைக்கு என் மேசைக்கு வந்தால் இரண்டு மாடலும் போடுவேன். முதலில் இருபரிமாணத்தில், அணை எஃப்.இ.எம்., தண்ணீரும் பாறையும் பி.இ.எம்., அதிர்வெண் வெளியில், நேரியலாக. ஒரு வாரத்து வேலை. அதிலிருந்து உச்சியின் பதிலளிப்பு வளைவு ஒன்று கிடைக்கும். பிறகு முழு எஃப்.இ.எம். மாடல், பி.எம்.எல். எல்லையோடு, கான்கிரீட்டையும் தற்காலிகமாக நேரியலாகவே வைத்து. அதே வளைவை அதிலிருந்தும் எடுப்பேன். 3.9 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் இரண்டும் பிரிந்தால் நீர்த்தேக்கத்தின் முனையைச் சரிபார்ப்பேன். மேலே பிரிந்தால் பாறையின் ஓரத்தை. 10 ஹெர்ட்ஸ் வரை இரண்டு வளைவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்த பிறகு, 66.5 மீட்டர் மட்டத்தில் மெஷை நெருக்கி, விரிசல் மாதிரியை இயக்குவேன்.